திரிகூடமலையும் பிரோக்பேக் மலையும்

ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்க ஜன்னல் முழுக்க மலைதான். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் பல் துலக்கி முகம் கழுவி வந்து உட்காரும் நேரம் அது. சங்கரன்கோவிலை நோக்கி ரயில் கிழக்கே ஒதுங்கும்போது மலையும் ஒதுங்கிவிடும். கடையநல்லூரில் மறுபடி கிட்டே வந்து நிற்கும். ஆடி மாதம். உச்சி தெரியவில்லை. பாதி மலைக்கு மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. எதிர் இருக்கைப் பெரியவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்: "சாரல் உண்டுமா? தண்ணி விழுதா? குளிக்க விடுதாவளா?" சீசன் காலத்தில் இந்தப் பக்கம் வருகிற எல்லோருடைய கேள்வியும் இந்த மூன்றுதான்.

எனக்கு அருவியோடு இன்னொரு காரியமும் இருந்தது. ஆங் லீ இயக்கிய 'பிரோக்பேக் மவுண்டன்' படத்தை ஊருக்குக் கிளம்பும் முன்பு மறுபடி பார்த்திருந்தேன். 2005இல் வந்த படம். 1963ஆம் வருஷக் கோடையில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஆடு மேய்க்கும் வேலைக்கு மலையேறும் இரண்டு இளைஞர்கள், எனிஸ், ஜாக். மேலே, ஆளரவம் இல்லாத இடத்தில், ஒருவரை ஒருவர் விரும்பிவிடுகிறார்கள். கோடை முடிந்து இறங்குகிறார்கள். ஆளுக்கொரு கல்யாணம், பிள்ளைகள், வேலை. இருபது வருஷம் அந்த விருப்பத்தை ஊருக்குத் தெரியாமல் சுமந்து தேய்கிறார்கள். எனிஸுக்குப் பேச்சு வராது; வாய்க்குள்ளேயே வார்த்தையை மென்று விழுங்குகிற ஆள். அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் மலை சொல்கிறது. குறுந்தொகையோ ஐங்குறுநூறோ கொஞ்சம் படித்த எவருக்கும் இந்த இடத்தில் மனம் துள்ளும். இது நம்முடைய திணை. அந்தப் படத்தை ஒரு குறிஞ்சி நிலத்தில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் அதற்குக் குற்றாலத்தைவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

தென்காசியில் இறங்கினால் முதலில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில். சிதைந்து கிடந்த ராஜகோபுரம் மறுபடி ஒன்பது நிலையாக எழும்பி 1990இல் குடமுழுக்கு கண்டது. அந்த வாசலில் அடிக்கும் காற்று ஆளை நிறுத்தி வைக்கும். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் சற்றே தாழ்ந்து வழி விடுகிறது. கேரளத்தில் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து, மிச்ச ஈரத்தைக் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் தென்காசியிலும் தூவிவிட்டுப் போகிறது. அதுதான் சாரல். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் அதுவும் கிடையாது. குற்றாலத்தில் குடை பிடிக்கிற அதே நேரத்தில் பாவூர்சத்திரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மலை, காடு, வயல், அதற்கப்பால் மானாவாரிச் செம்மண். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் திணை மாறி மாறி வருகிறது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னால் வைக்கிறது. மனிதர்களின் உணர்வு, உரிப்பொருள், அந்த மண்ணுக்கு உரியதாக வருகிறது. குறிஞ்சிக்கு உரியது புணர்தல். மலை, நள்ளிரவு, குளிர் காலம், ஊரறியாமல் இருவர் சந்திப்பது: களவு. அகப்பாட்டில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. யார் என்று சொல்ல முடியாதபோது எங்கே என்று சொல்கிறார்கள். எந்தச் சுனை, எந்தப் பாறை, தினைப்புனம் விளைந்துவிட்டதா, வேங்கை பூத்துவிட்டதா. நிலத்தைச் சொன்னால் போதும், மனம் தெரிந்துவிடும் என்று நம்பிய கவிஞர்கள் அவர்கள். குறுந்தொகையில் கபிலருடைய பாட்டொன்றில் ஒரு பெண் சொல்கிறாள்: அவர் என்னைக் கூடிய அன்று பக்கத்தில் யாரும் இல்லை, ஓடுகிற தண்ணீரில் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. அவன் இல்லையென்று சொல்லிவிட்டால் அவளுக்குச் சாட்சி ஒரு பறவை, அதுவும் தன் பசியில் கவனமாக இருந்த பறவை. அவளுடைய பயம் மொத்தமும் அந்தக் குருகில் இருக்கிறது.

ஆங் லீ இந்தப் பாட்டைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் தைவானில் பிறந்தவர். மனிதனைச் சிறிதாகவும் மலையைப் பெரிதாகவும் வரைகிற சீன ஓவிய மரபு அவருக்குப் பக்கத்தில் இருந்தது என்று நினைக்கிறேன். ஒளிப்பதிவாளர் ரோட்ரிகோ பிரியேட்டோவும் அவரும் கனடாவின் ஆல்பர்ட்டா மலைகளை வயோமிங்காகக் காட்டினார்கள். பிரோக்பேக் என்று ஒரு மலை உண்மையில் கிடையாது. ஆனி ப்ரூ 1997இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய சிறுகதைக்காக உண்டாக்கிக்கொண்ட பெயர். மலைக் காட்சிகளில் வானம் பெரிது, சரிவு பெரிது, ஆட்டு மந்தை வெள்ளையாக நகர்கிறது, இரண்டு மனிதர்கள் புள்ளியாகத் தெரிகிறார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதி அந்த அகலத்தில் இருக்கிறது. இறங்கி வந்த பிறகு படம் குறுகிவிடுகிறது. சலவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன வீடு, அழும் குழந்தைகள், தாழ்ந்த கூரை, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்புகள். பெண்ணின் களவு தெரியவந்ததும் அவளை வீட்டுக்குள் அடைத்துவிடுவதை நம் அகமரபு இற்செறிப்பு என்று தனித் துறையாக்கி வைத்திருக்கிறது. இந்தப் படத்தில் எனிஸை யாரும் பூட்டவில்லை. அவனே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறான். சின்ன வயதில் அவனுடைய அப்பா அவனைக் கூட்டிப்போய் ஒரு பிணத்தைக் காட்டியிருக்கிறார். இன்னொரு ஆணோடு சேர்ந்து வாழ்ந்த ஒருவனை அடித்துக் கொன்று வாய்க்கால் ஓரத்தில் போட்டிருந்தார்கள். அப்பாவே அதைச் செய்தவர்களில் ஒருவராக இருக்கலாம் என்று எனிஸ் சொல்கிறான். சமவெளியின் ஒவ்வொரு வாய்க்காலும் அதற்குப் பிறகு அவனுக்கு அந்த வாய்க்கால்தான்.

இதைக் கதைக்காகக் கூட்டிச் சொன்னது என்று எவரும் தள்ளிவிட முடியாது. சிறுகதை வெளிவந்த மறு வருஷம், 1998 அக்டோபரில், அதே வயோமிங்கில், லாரமி என்ற ஊருக்கு வெளியே, மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரைத் தன்பாலீர்ப்புக்காக அடித்து நொறுக்கி வேலியில் கட்டிவிட்டுப் போனார்கள். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர். ஆட்டோவில் ஏறும்போதே மழையில்லாத மழை தொடங்கிவிட்டது. முகத்தில் படும், தரை நனையாது. ஓட்டுகிறவரிடம் செண்பகா அருவிக்குப் போகலாமா என்று கேட்டேன். "அங்கன விட மாட்டாவ அண்ணாச்சி. பாரஸ்ட்காரங்க தடை போட்டுருக்காவ. பெரிய அருவியில குளிங்க, அஞ்சருவிக்குப் போங்க. அதுக்கு மேல என்ன வேணும்?" ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். பலாச்சுளை வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் சேர்ந்துதான் சீசன் காலத்துக் குற்றாலத்தின் வாசனை.

பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவே கம்பி. மேலே பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கித் தணிந்த பிறகுதான் தண்ணீர் நம் தலைக்கு வருகிறது. அந்த இடைத்தடை இல்லாவிட்டால் அடியைத் தாங்க முடியாது. ஆண்கள் பக்கத்தில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தோம். முன்பின் தெரியாதவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். வழுக்கினால் யாரோ இடுப்பைப் பிடிப்பார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் படிக்கட்டில் ஆளைக் கிடத்தி முதுகையும் தொடையையும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு இளைஞர்கள், கல்லூரி வயது இருக்கும், கைகோத்தபடி அருவிக்குள் நின்று கண்ணை மூடிச் சிரித்தார்கள். அவர்கள் நண்பர்களாகத்தான் இருப்பார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே நின்றபோது ஒன்று உறைத்தது. பிரோக்பேக்கில் காதலுக்கு வேண்டியது ஆளில்லாத இடம். இருவரின் தனிமை கலைவது, ஆடுகளுக்குச் சொந்தக்காரரிடம் வேலை பார்க்கும் மேலாள் தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்க்கும்போதுதான். அந்த ஒரு ஜோடிக் கண் மலையைக் கறைப்படுத்திவிடுகிறது. அம்பலும் அலரும், ஊர் வாயில் புரளும் பேச்சு, அங்கே பிறக்கின்றன. நம் ஊரிலோ ஆளில்லாத இடம் என்று எதுவுமே இல்லை. மலைமேல் அம்மன் இருக்கிறாள், சித்தர் குகை இருக்கிறது, வனத்துறை இருக்கிறது, விறகு பொறுக்குகிறவர் இருக்கிறார். இங்கே இரண்டு ஆண்கள் தொட்டுக்கொள்ள முடிவது கூட்டத்துக்கு நடுவில். தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம், ஒரே இலையில் சாப்பிடலாம். சிநேகிதம் என்ற பெயரில் எல்லாம் நடக்கும். அந்தச் சிநேகிதத்துக்குள் யாராவது ஒருவன் அதைவிட ஆழமான ஒன்றை வைத்துக்கொண்டு தவித்தால், அதை அடையாளம் காணக்கூட எங்களுக்குக் கண் கிடையாது. அவனுக்கும் அதைச் சொல்ல இடமில்லை. தொடுவதற்கு இவ்வளவு அனுமதி கொடுத்த சமூகம், சொல்வதற்குக் கொஞ்சமும் கொடுக்கவில்லை. அருவிச் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. அங்கே எத்தனை பேர் எதைச் சொல்லி அது யாருக்கும் கேட்காமல் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்து நெஞ்சு கனத்துவிட்டது.

குளித்துத் துவட்டிக்கொண்டு செண்பகா தேவி அருவிக்குப் போகும் பாதை தொடங்கும் இடம் வரை நடந்தேன். ஆட்டோக்காரர் சொன்னபடியே தடை. சுமார் இரண்டு கிலோமீட்டர் மேலே அந்த அருவி. அதற்கும் மேலே தேனருவி, மலைத்தேனடை தொங்கும் பாறைகள். காட்டைக் காக்கவும் உயிரைக் காக்கவும் போட்ட தடை, நியாயமானதுதான். எனக்கு நினைவு படத்தில் இருந்தது. எனிஸும் ஜாக்கும் நாலு வருஷம் கழித்து மறுபடி சந்தித்த பிறகு, மீன் பிடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை எங்கெங்கோ மலையேறுகிறார்கள். எனிஸின் மனைவி ஒருமுறை மீன் கூடைக்குள் ஒரு சீட்டைக் கட்டிவைக்கிறாள். அவன் திரும்பி வந்த பிறகும் அது கட்டியபடியே இருக்கிறது. தூண்டில் தண்ணீரையே பார்க்கவில்லை. பகற்குறி, இரவுக்குறி என்று களவுச் சந்திப்பின் இடங்களையும் காவலால் அது தடைப்படுவதையும் அகமரபு அலுக்காமல் பாடியிருக்கிறது. அந்தச் சீட்டை நம் கவிஞர் எவரேனும் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார். முக்கியமான சங்கதி இன்னொன்று. அவ்வளவு மலைகளுக்குப் போனவர்கள் பிரோக்பேக்குக்கு மட்டும் திரும்பப் போகவே இல்லை. ஒரு கோடையோடு அது அடைபட்டுவிட்டது. கடைசியில் ஜாக் கத்துகிறான்: நமக்கென்று இருப்பது அந்த மலை ஒன்றுதான், வேறு எதையும் நீ உண்டாக்க விடவில்லை. அந்தச் சண்டை நடப்பதும் ஒரு மலை ஏரியின் கரையில். அத்தனை அழகான இடத்தில் அவ்வளவு கசந்த பேச்சு. இடம் ஆறுதல் தரவில்லை, இழந்ததை அளந்து காட்டுகிறது.

சங்க மரபில் களவு மலையோடு நின்றுவிடாது. தோழி தலைவனை நெருக்குவாள், வரைந்துகொள், மணந்துகொள் என்பாள், அல்லது இருவரும் உடன்போக்காகப் பாலையைக் கடப்பார்கள். எப்படியும் களவு கற்பில், அதாவது மணவாழ்வில், போய்ச் சேர வழி ஒன்று வைத்திருந்தார்கள். எனிஸுக்கும் ஜாக்குக்கும் அந்த வழி இல்லை. சேர்ந்து ஒரு பண்ணை வைத்துக்கொள்வோம் என்று ஜாக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வாய்க்காலில் கிடந்த பிணத்தைப் பார்த்தவன் சம்மதிப்பதில்லை. இறங்க இடமில்லாத குறிஞ்சி அது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையாகிவிடும் என்று இளங்கோ சிலப்பதிகாரத்தில் சொன்னதற்குக் குற்றாலமே அத்தாட்சி. பங்குனி, சித்திரையில் வந்து பார்த்தால் பேரருவி இருந்த இடத்தில் கறுத்த பாறை மட்டும் நிற்கும். படத்தின் கடைசியில் எனிஸ் தனியாக ஒரு டிரெய்லர் வண்டியில் குடியிருக்கிறான். அலமாரிக் கதவுக்குள்ளே பிரோக்பேக் மலையின் படம் போட்ட தபால் அட்டை. அதன் கீழே ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிய இரண்டு சட்டைகள். பக்கத்து ஜன்னலில் தெரிவது வெறும் சமதரை. மலை ஒரு அட்டையாகச் சுருங்கிவிட்டது.

குற்றாலநாதர் கோயிலுக்குப் போய்விட்டு, கொஞ்ச தூரத்தில் தனியே இருக்கும் சித்திரசபைக்குப் போனேன். நடராசரின் ஐந்து சபைகளில் இது ஓவியத்தால் ஆனது. சாமியே சுவரில் சித்திரமாக இருக்கிறார். உள்ளே ஒரே அமைதி. பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். வசந்தவல்லி பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள். அடைய முடியாத ஆள். உயர்குடிப் பெண், தன் ஆசையை வெளியே சொல்ல முடியாது. நிலவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள். அப்போது குறி சொல்ல வருகிற குறத்தியிடம் உன் மலை எது என்று கேட்கிறாள். குறத்தி தன் திரிகூடமலையைப் பாடத் தொடங்குகிறாள். குரங்கும் தேனும் அருவியும் சித்தர்களும் நிரம்பிய அந்தப் புகழ்பெற்ற பகுதியை மனப்பாடப் பாட்டாகவே படித்துவிட்டோம். அந்தப் பெண்ணின் அடக்கி வைத்த மனதுக்கு முன்னால் அது பாடப்படுகிறது என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள். வீட்டில் இருப்பவளுக்கு மலைக்காரி வந்து, கட்டுப்பாடில்லாத ஒரு உலகத்தைக் காட்டுகிறாள். மலையில் இருப்பவர்களிடம்தான் ஆசையைச் சொல்லும் பாஷை இருக்கிறது. தமிழில் ஒடுக்கப்பட்ட காமத்துக்கு நிலம் பதில் சொல்கிற இடங்களில் இதை மிக உயர்வாக வைப்பேன்.

மறுநாள் காலை சுந்தரபாண்டியபுரம். மணிரத்னத்தின் 'ரோஜா' 1992இல் இந்த ஊரைத் தமிழ்நாட்டுக்கே பழக்கப்படுத்தியது. கதாநாயகியின் ஊர் பெயரே இதுதான். வயல், குளம், பாறை, பின்னால் நீலமாக மலை. ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பூக்கும்போது கார்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் 'அந்நியன்' பாறை. ஷங்கர் படத்தின் ஒரு பாட்டுக்காக நடிகர்கள் முகங்களைப் பாறை முழுக்க வண்ணத்தில் தீட்டினார்கள். அந்தப் படமும் 2005தான். ஆங் லீ மலையைத் தொடாமல் அதன் எதிரே மனிதர்களை நிறுத்திக் காத்திருந்த படம் வந்த அதே வருஷம், இங்கே பாறைமேல் பெயிண்ட் அடித்தோம். அந்தப் பாட்டில் உழைத்த ஓவியர்கள்மேல் எனக்குக் குறையில்லை. நிலத்தைத் திணையாக அறிந்த ஒரு மொழியின் சினிமா, நிலத்தைப் பின்திரையாக மட்டும் வைத்துக்கொண்டதில்தான் என் வருத்தம். குற்றாலத்திலும் இதைச் சுற்றியும் எடுத்த பாட்டுகளில் அருவி வேறு எங்கு இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

விதிவிலக்குகள் உண்டு. பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' 1985இல் ஊர் ஒப்புக்கொள்ளாத ஒரு அன்பை ஆற்றங்கரையிலும் பரிசலிலும் வைத்துச் சொன்னது. ஆனால் இந்த மண்ணுக்கு மிக நெருங்கி வந்து, மேற்கே ஆங் லீ செய்ததற்கு நிகராக ஒன்றைச் செய்தவர் மாரி செல்வராஜ். 'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பர் 28இல் வெளியானது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கும் தலித் மாணவன் பரியன், இடைநிலைச் சாதிப் பெண் ஜோ. இருவருக்கும் நடுவில் இருப்பது காதல் என்று பரியன் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ள அஞ்சுகிறான். படத்தில் மலை கிடையாது. மரமற்ற கட்டாந்தரை, குட்டை, தண்டவாளம். தொடக்கத்திலேயே நாய்களைக் குளிப்பாட்டும் குட்டைத் தண்ணீரில் ஆதிக்கச் சாதியினர் சிறுநீர் கழிக்கிறார்கள். பரியனின் நாய் கறுப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டுச் சாகிறாள். அதே தண்டவாளத்துக்குப் பிறகு பரியனும் இழுத்துவரப்படுகிறான். பிரோக்பேக்கில் வெட்டவெளி விடுதலை, வீடு சிறை. இங்கே வெட்டவெளியும் சிறைதான். ஒவ்வொரு குளத்துக்கும் ஒவ்வொரு பாதைக்கும் சாதி இருக்கிறது. வெயில் எல்லோருக்கும் பொதுவாக அடிக்கிற தரையில் இவன் எங்கே நிற்கலாம் என்பதை இன்னொருவன் தீர்மானிக்கிறான். திருநெல்வேலி நிலத்தை இவ்வளவு உண்மையாகச் சினிமா அதற்கு முன் பார்த்ததில்லை. படம் வந்து ஏழு வருஷம் கழித்து, 2025 ஜூலையில், பாளையங்கோட்டையில் ஒரு இளம் தலித் மென்பொருள் பொறியாளர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் தம்பி கைதானான்.

'பரியேறும் பெருமாள்' வெளியான அதே மாதத்தில், செப்டம்பர் 6ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வயது வந்த இருவர் மனமொத்துத் தன்பாலில் உறவு கொள்வது இனிக் குற்றமில்லை என்றது. இந்த இரண்டு செய்தியையும் ஒரே மாதத்தில் கேட்ட நாம், ஒன்றைப் பற்றி எவ்வளவோ பேசினோம், எழுதினோம், பேசவும் வேண்டும். அந்தத் தீர்ப்போ ஊர்ப்பக்கம் வந்தே சேரவில்லை.

மாலையில் செங்கோட்டை வரை போய்விட்டு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் கணவாய் தெரியும். 1904இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் ரயில் அந்த மலைக்குள்தான் குகைகளும் வளைவுப் பாலங்களுமாகப் புனலூருக்குப் போனது. 2018இல் அகலப்பாதையாகித் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் கேரளம். ஜியோ பேபி இயக்கிய 'காதல் தி கோர்' 2023 நவம்பரில் அங்கே வந்தது. மம்முட்டி, தீக்கோய் என்ற மலைச்சரிவு ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கும் நடுவயதுக்காரர்; இருபது வருஷம் மனைவியோடும் தன் உண்மையோடும் பேசாமல் வாழ்ந்தவர். மழை, ரப்பர் மரம், ஒரு பெரிய வீட்டின் நிசப்தம். எனிஸின் கதையை நம் மேற்கு மலையின் மறு சரிவுக்குக் கொண்டுவந்த படம் என்று அதைச் சொல்வேன். அந்தப் படத்தில் மனைவிதான் வழக்குப் போட்டு இருவருக்கும் விடுதலை வாங்குகிறாள். பெரிய நடிகர் ஒருவர் அதில் நடித்தார், சொந்தப் பணம் போட்டுத் தயாரித்தார், சாதாரண ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். தமிழில் 2025இல் வந்த 'காதல் என்பது பொதுவுடமை' இரண்டு பெண்களின் காதலை மரியாதையோடு பேசியது; பெரும்பகுதியும் ஒரு வீட்டுக்குள் நடக்கிற கதை அது. வெளியே, நிலத்தின்மேல், தமிழில் இன்னும் வரவில்லை.

தமிழில் படமெடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குற்றாலத்துக்குப் பாட்டெடுக்க மட்டும் வராதீர்கள். சீசனில் ஒருமுறையும், அருவி காய்ந்த சித்திரையில் ஒருமுறையும் வந்து தங்குங்கள். பேரருவிக் கூட்டத்தில் கைகோத்து நிற்கிற இரண்டு பையன்களில் ஒருவன் மற்றவனை விரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வசனம் எழுத வேண்டாம். எந்தப் பாறை, எந்தப் படிக்கட்டு, சாரலா வெயிலா என்று மட்டும் எழுதுங்கள். பேசாமல் சொல்கிற வித்தையை நம் கவிஞர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை எடுத்து இந்தப் பிள்ளைகளுக்காகப் பயன்படுத்துங்கள். இதுவரை யாரும் அவர்களுக்குக் குறிஞ்சியில் இடம் கொடுத்ததில்லை.